அறிவூற்றில் தன் ஓலையைத் தானே வாசித்தவர்

வேதநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. இத்தனை வயதுக்குள் "உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ரப்பர்த் தோட்டத்துப் பால்மரம், லாரி, பட்டறை என்று சுற்றி, கடைசியில் மாக் மண்டினில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வந்து நிலைத்தார். காலையில் பினாங்குத் தீவிலுள்ள ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் கிளம்பி, பெர்ரிக் கப்பலில் அக்கரைக்குப் போய், நாள் முழுக்கப் பெட்டி மடித்து அடுக்கிவிட்டு, மாலையில் அதே பெர்ரியில் திரும்புவார். பெட்டி மடிக்கிற ஆளைக் கூப்பிட்டு ஆர்வத்தை விசாரிக்கிற வழக்கம் எந்த முதலாளிக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிகிற நேரத்தில் மைக் முன்னால் போய் நின்று அறிவிப்பு வாசிப்பது அவர் வேலை. அதிலும் திருமண ஓலை வாசிப்பதில் பங்கிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. இன்னாருடைய மகன் இன்னாரும், இன்னாருடைய மகள் இன்னாரும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கும்போது, தடை ஒன்றும் தெரியாதவர்களுக்குக்கூட ஏதாவது தெரிந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மூன்றிலும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் கல்யாணம். ஓர் ஆளை ஊருக்கு அறிமுகம் செய்ய வேதநாயகத்துக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

இந்த நிலையில்தான் இன்னாசிமுத்து சார் அவரிடம் ஆர்வத்தைப் பற்றிக் கேட்டார்.

இன்னாசிமுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கிரீன் லேன் பக்கம் சொந்த வீடு. அவருடைய மகன் டெரிக்குக்குத்தான் வேதநாயகத்தின் மகள் கிறிஸ்டலைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டதால், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தமாதிரி நடித்தால் போதும் என்கிற அளவில் இருந்தது காரியம். அந்த நடிப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கோப்பி வந்தது, கேக் வந்தது. பிறகு இன்னாசிமுத்து 'அறிவூற்று' பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அறிவூற்று என்பது இணையத்தில் அவரும் அவருடைய நண்பர்களும் நடத்தும் தமிழ் விக்கி. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் திருத்தலாம். இதில் இரண்டாவது வசதிதான் உறுப்பினர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒருவர் எழுதினால் ஒன்பது பேர் திருத்த வந்துவிடுவார்கள். கொம்தார் கட்டடத்தைப் பற்றிய கட்டுரை இரண்டு வருடமாக முதல் வாக்கியத்திலேயே நிற்கிறது. அந்த வாக்கியத்தில் 'உயரமான' என்பதா 'உயர்ந்த' என்பதா என்று இன்னும் முடிவாகவில்லை.

"சம்பந்தி, நீங்களும் சேருங்க. மொதல்ல ஒங்களப் பத்தி, ஒங்க ஆர்வங்களப் பத்தி ஒரு அறிமுகம் எழுதணும், அவ்வளவுதான். படிச்சவங்க மட்டுமே எழுதிக்கிட்டிருந்தா எப்படி? ஒங்கள மாதிரி ஆளுங்களும் வரணும்லா," என்றார் இன்னாசிமுத்து. சொல்லிவிட்டு, தன் பெருந்தன்மை எல்லாருக்கும் தெரிந்ததா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

வேதநாயகம் சரி சார் என்று தலையாட்டினார். சம்பந்தி என்று திருப்பிச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. இதில் ஏதாவது ஏடாகூடமாக எழுதி வைத்தால், நாளைக்கு அந்த வீட்டில் கிறிஸ்டலைப் பார்த்து 'உங்கப்பா எழுதினாரே' என்று சொல்லிக்காட்டுவார்கள் என்ற பயம் அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச வாரத்தில் மகளுடைய ஓலை கோயிலில் வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கப் போகிறவரும் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல் கைப்பேசியில் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். திறந்த மறுநிமிடமே 'வருக, வேதநாயகம்! உங்கள் வரவால் அறிவூற்று பெருமை கொள்கிறது' என்று வந்தது. வேதநாயகம் நெகிழ்ந்துபோய், வந்தனம், வீட்டில் அனைவரும் சுகமா என்று பதில் எழுதினார்.

"ப்பா, அது கம்ப்யூட்டர் தானா அனுப்புறது. ஆளு கெடையாது," என்றாள் கிறிஸ்டல்.

"கம்ப்யூட்டரா இருந்தா என்னம்மா? வாங்கன்னு சொல்லிருக்கே."

மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார். இன்னாசிமுத்துவின் அறிமுகம் கோட்டுப் போட்ட படத்தோடு தொடங்கி, பிறந்த ஊர், பெற்ற விருது, ஆற்றிய உரை, ஆற்றவிருக்கும் உரை என்று விரல் வலிக்கும்வரை கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆர்வங்கள்: மெய்யியல், மொழியியல், அகழாய்வு, விண்வெளி. பூமியில் அவருக்குப் பிடித்ததாக ஒன்றும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து எழுதும் கோகிலன் என்பவர் முனைவர் பட்டத்துக்கு நெடுங்காலமாகப் படித்துக்கொண்டிருப்பவர். அவருடைய ஆர்வம் 'உண்மை' என்று ஒற்றைச் சொல்லில் முடிந்திருந்தது.

வேதநாயகம் பல நாள் யோசித்தார். தனக்கு எதில் ஆர்வம் என்று மனைவி மார்த்தாவிடம் கேட்டும் பார்த்தார். மார்த்தா மீன் கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், சோறு, தூக்கம், அப்புறம் மைக்கு என்றாள். அது உண்மைதான் என்றாலும் எழுதும்படியாக இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குளித்த தலை காயுமுன் உட்கார்ந்து எழுதினார்:

'அறிவூற்று சமூகத்தாருக்கு அறிவிப்பது. காலஞ்சென்ற சூசை, அந்தோணியம்மாள் இவர்களின் மகனும், மார்த்தாவின் கணவரும், ஆயர் ஈத்தாமில் வசிப்பவரும், ஞானஸ்நானம் பெற்றவருமாகிய வேதநாயகம் உங்கள் சமூகத்தில் சேர இருக்கிறார். ஆர்வங்கள்: செபமாலை சொல்வது, மழைநேரத்தில் பெர்ரியில் நிற்பது, மற்றவர் சொல்வதைக் கேட்பது. இவர் சேருவதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை.'

இதில் அவர் செய்த பிழை இரண்டு. உறுப்பினர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளத் தனியாக ஓர் இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, கொம்தார் கட்டடம், பினாங்கு மலை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் இருக்கும் கட்டுரைப் பகுதியில் போய்த் தன்னையும் ஒரு கட்டுரையாக வைத்துவிட்டார். அதையாவது மன்னித்திருப்பார்கள். ஆட்சேபம் சொல்வதற்காகவே விடியற்காலையில் எழுந்திருக்கும் ஒரு கூட்டத்தைப் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், அது உங்கள் கடமை என்று கேட்டுக்கொண்டாரே, அதுதான் பெரிய பிழை. அந்த மன்றத்தில் அதுவரை அவர்களை யாரும் இவ்வளவு மரியாதையாக அழைத்ததில்லை.

கடமையைச் செய்ய எல்லாரும் ஓடி வந்தார்கள். அன்று மாலைக்குள் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் 'ஆதாரம் தேவை' என்று விழுந்திருந்தது. 'ஞானஸ்நானம் பெற்றவர்' என்பதற்குக் கோகிலன் ஆதாரம் கேட்டிருந்தார். எங்கள் பங்குத்தந்தையைக் கேட்கலாம், திங்கட்கிழமை மட்டும் அவருக்கு ஓய்வு என்று வேதநாயகம் பணிவாகப் பதில் எழுதினார். பங்குத்தந்தை நடுநிலையான சான்று ஆகமாட்டார் என்று கோகிலன் எழுதினார். மறுநாள் பெர்ரியில் அக்கரை போய்ச் சேரும்வரை வேதநாயகம் இதையே யோசித்துக்கொண்டு போனார். 'மற்றவர் சொல்வதைக் கேட்பது' என்ற ஆர்வத்தைப் பற்றித் தனியாக ஒரு விவாதம் நடந்தது. இப்படி ஓர் ஆர்வம் அறிவூற்றில் இதற்குமுன் யாருக்கும் இருந்ததாகப் பதிவு இல்லை, ஆகவே நம்பத்தகுந்தது அல்ல என்று முடித்தார்கள்.

'மார்த்தாவின் கணவர்' என்பதற்கும் ஆதாரம் தேவை என்று இருந்ததைக் கிறிஸ்டல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

"முப்பது வருசமா நான் ஆக்கிப் போட்ட சோறு ஆதாரம் இல்லையாமா? யாரு கேட்டது அத? அந்தத் தம்பிய இங்க வரச் சொல்லு," என்றாள் மார்த்தா.

வேதநாயகம் அவளைச் சமாதானப்படுத்தினார். ஓலை வாசிப்பதே தடையைக் கேட்பதற்குத்தானே, கேட்டுவிட்டு அவர்கள் சொன்னால் கோபப்படுவது முறையில்லை என்றார். அடுத்த ஞாயிறு அதையே மறுபடி எழுதி, 'இது இரண்டாம் ஓலை' என்று முடித்தார். மூன்று முறை வாசிக்காமல் எப்படி?

அது இன்னாசிமுத்துவைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது. அறிவூற்றின் மேலாளர் அவர். வருகிற ஆளுக்கெல்லாம் விதியைக் காட்டிப் பேர் வாங்கியவர். இப்போது சொந்தச் சம்பந்தியே ஒரே செய்தியை இரண்டு முறை, அதுவும் தப்பான இடத்தில் எழுதியிருக்கிறார். கண்டும் காணாமல் விட்டால் கோகிலன் என்ன சொல்வார்? கோகிலன் என்ன சொல்வார் என்று யோசித்த மனிதர், வேதநாயகம் என்ன நினைப்பார் என்று யோசிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. புதன்கிழமை அந்தப் பக்கத்தின் தலையில் சிவப்புக் கட்டம் போட்டு எழுதினார்: 'வேதநாயகம் குறிப்பிடத்தக்கவர் அல்லர். நீக்கலாமா என்று உறுப்பினர்கள் வாக்களிக்கவும்.' வழிகாட்ட வேண்டியவர் என்பதால் முதல் வாக்கையும் அவரே போட்டார்: 'நீக்குக.' கீழே வரிசையாக நீக்குக, நீக்குக என்று வந்தது. கொம்தார் விஷயத்தில் இரண்டு வருடமாக ஒன்றுசேராதவர்கள், வேதநாயகம் விஷயத்தில் அரைநாளில் ஒன்றுசேர்ந்தார்கள்.

குறிப்பிடத்தக்கவர் அல்லர் என்பதில் வேதநாயகத்துக்கு வருத்தம் இல்லை. அது அவருக்கு முன்பே தெரியும். ஆண்டவருக்கு முன்னால் எல்லாரும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரை உறுத்தியது வேறு. ஓலையில் ஒரு தடை எழுந்தால் அதை விசாரித்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லி முடிக்க வேண்டும். முடிக்காத தடையோடு ஓலை நிற்கக் கூடாது. அந்தத் தடையைச் சொன்னவர் மாப்பிள்ளையின் தகப்பன். வருகிற ஞாயிறு மகளின் முதல் ஓலை. பெண்ணைப் பெற்றவனை வேண்டாம் என்று எழுதியவர், பெண்ணை மட்டும் எப்படி வேண்டும் என்பார்? சனிக்கிழமை வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய ஆர்வங்களில் முதலாவது சோறு என்று மார்த்தா சொல்லியிருந்ததால், அவளுக்கே இது பயமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தம்பூன் பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கிரீன் லேன் போனார்கள். இன்னாசிமுத்துவின் மனைவி பிலோமினா முகமலர்ந்து வரவேற்றாள். கல்யாணச் சேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். கோப்பி வைத்தாள். இன்னாசிமுத்து பிஸ்கட் பெட்டியைத் தானே பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"சார், நாளைக்குப் பிள்ளையோட மொத ஓலை. நாந்தான் வாசிக்கணும்," என்றார் வேதநாயகம். "அதுக்கு முன்னால கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தோம். எங்கிட்ட என்ன தடை கண்டீங்க?"

"தடையா? ஒங்ககிட்டயா? யாரு சொன்னா சம்பந்தி?"

"நீங்கதான் சார் எழுதிருக்கீங்க."

பிலோமினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மார்த்தா கைப்பேசியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தாள். 'நீக்குக' என்ற இடத்தில் குரல் நின்றது. அதன்கீழே கணவர் பேரும் 'மேலாளர்' என்ற பதவியும் இருந்தன. அதையும் விடாமல் வாசித்தாள்.

இன்னாசிமுத்து விளக்க ஆரம்பித்தார். கட்டுரைப் பக்கம் வேறு, உறுப்பினர் பக்கம் வேறு. நீக்கப்படுவது பக்கம்தானே தவிர ஆள் இல்லை. குறிப்பிடத்தக்கமை என்பது ஒரு கலைச்சொல், அதை மனிதரோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. உலகமெங்கும் இதுதான் நடைமுறை. வகுப்பில் பாடம் நடத்துகிற தெளிவோடு அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"பொண்ணு எடுக்கப் போற வீட்டு மனுசன வேணாம்னு ஊரு ஒலகத்துக்கு எழுதிப்புட்டு, அவரு கொண்டாந்த பிஸ்கட்ட ஒக்காந்து தின்னுக்கிட்டிருக்கீங்க," என்றாள் பிலோமினா.

இன்னாசிமுத்து கையிலிருந்த பாதி பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்ததை முழுங்குவதா கூடாதா என்பதற்கும் அவரிடம் விதி இல்லை.

வேதநாயகத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அம்மா, சார் மேல தப்பில்ல. எடம் மாத்தி எழுதுனது நாந்தான். நீக்கணும்னா நீக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்னுதான் சார். தடை இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லணும். அதச் சொல்லாம அந்தரத்துல விட்டுட்டா, நாளைக்கு மைக்கு முன்னால நின்னு, எம்பொண்ணுக்குத் தடை இருக்கான்னு ஊர எப்படிக் கேப்பேன்? ஒங்க மொகத்த எப்படிப் பாப்பேன்?"

இன்னாசிமுத்து பாதி பிஸ்கட்டைப் பெட்டியின் மூடிமேல் வைத்தார். அவர் எதையும் பாதியில் நிறுத்தியதைப் பிலோமினா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, "ஒங்ககிட்ட எனக்கு ஒரு தடையும் இல்ல," என்றார்.

"எழுதுங்க," என்றாள் பிலோமினா.

எல்லாரும் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனார்கள். பிலோமினா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இன்னாசிமுத்து சிவப்புக் கட்டத்தை எடுத்தார். வேதநாயகத்தின் ஓலையை எடுத்து, அது இருக்க வேண்டிய உறுப்பினர் பக்கத்தில் வைத்தார். முதல் நாளே அரை நிமிடத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது. ஆனால் வாக்கெடுப்பு இல்லாமல் செய்துவிட்டால் அப்புறம் விக்கி எதற்கு? கீழே எழுதினார்: 'விசாரித்ததில் தடை ஏதும் இல்லை எனத் தெரிய வந்தது.'

விரலை எடுக்கவில்லை, கோலாலம்பூரிலிருந்து கோகிலன் வந்துவிட்டார். 'தெரிய வந்தது யாருக்கு? ஆதாரம் தேவை.'

இன்னாசிமுத்து பழக்கதோஷத்தில் யோசிக்க ஆரம்பித்தார். பிலோமினா குனிந்து பார்த்தாள்.

"என் பேரப் போடுங்க," என்றாள்.

'ஆதாரம்: பிலோமினா' என்று போட்டார். கோகிலனிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் பிலோமினாவைப் பார்த்ததில்லை. ஆனால் சான்று எப்படிப்பட்டது என்று அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

அன்றிரவு வேதநாயகம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். விடிந்ததும், கோயிலுக்குக் கிளம்புமுன், தன் பக்கத்தில் மூன்றாம் ஓலையையும் எழுதி முடித்தார். தொடங்கியதை நடுவில் விடக் கூடாதல்லவா? இந்த முறை ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் 'பங்களிப்புக்கு நன்றி' என்றது. அதற்கும் பதில் எழுதினார்.

இன்னாசிமுத்து குடும்பம் அன்றைக்கு இந்தப் பங்குக்கே பூசைக்கு வந்து, முன்னாலிருந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பூசை முடிகிற நேரத்தில் வேதநாயகம் மைக் முன்னால் போய் நின்றார். வேதநாயகம், மார்த்தா இவர்களின் மகள் கிறிஸ்டலும், இன்னாசிமுத்து, பிலோமினா இவர்களின் மகன் டெரிக்கும் என்று வாசிக்கும்போது அந்தப் பெயர்களைப் புதிதாகக் கேட்பதுபோல அவருக்கே இருந்தது. தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும், வழக்கம்போல நிறுத்தித் தலையை நிமிர்த்திக் கோயிலைப் பார்த்தார்.

கோயில் அமைதியாக இருந்தது. இரண்டாவது பெஞ்சில் மட்டும் இன்னாசிமுத்துவின் வலதுகை, அவருக்கே தெரியாமல், ஏதோ ஒரு திருத்தம் சொல்வதற்காக மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. பிலோமினா பீடத்தைப் பார்த்தபடியே, செபமாலை சுற்றிய தன் கையை அதன்மேல் வைத்து மடிக்கு இறக்கினாள்.

"இது முதல் ஓலை," என்று வாசித்து முடித்தார் வேதநாயகம்.